வீடியோ கேமில் ரே டிரேசிங் போட்டால் எதிரி தெளிவாகத் தெரிவானா?

"ரே டிரேசிங்கை ஆன் செய், மூலையில் பதுங்கியிருப்பவனும் பளிச்சென்று தெரிவான்" என்று ராமநாதபுரம், கீழக்கரைப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. பெரும்பாலும் நடப்பது நேர்மாறு.

ரே டிரேசிங் என்ற கிராஃபிக்ஸ் வசதி, காட்சியில் ஒளி செல்லும் பாதையைக் கணக்கிட்டுப் படம் வரைகிறது. வெளிச்சம் எட்டாத மூலை இருட்டாகவே இருக்கும். பாம்பன் கரையில் உச்சிவெயிலில் நின்றுவிட்டு ஓலைக் கொட்டகைக்குள் நுழைந்தால் சில நொடி கண் தெரியாதல்லவா? பல கேம்கள் அதையும் வேண்டுமென்றே காட்டுகின்றன. அழகுதான், ஆனால் அந்த நொடியில் சுடப்படுவது நீங்கள்.

இன்னொரு சிக்கல்: ஒரு பிக்சலுக்குச் சில கதிர்களே விடப்படுவதால் படம் புள்ளி புள்ளியாக வரும். அதை மழுப்ப டீநாய்சர் (புள்ளிகளை நீக்கும் மென்பொருள்) முந்தைய ஃபிரேம்களை, அதாவது சற்று முன் திரையில் வந்த படங்களை, கலக்கும். வேகமாக ஓடும் உருவத்தின் பின்னால் நிழல்வால் தெரியும். 60 எஃப்பிஎஸ்ஸில் (நொடிக்கு 60 ஃபிரேம்) ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பதே சுமார் 16.7 மில்லிசெகண்ட், அதிலும் இந்த வேலை பங்கு கேட்கும்.

2023இல் வந்த கவுன்டர் ஸ்ட்ரைக் 2 என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் ஆட்டக்காரர் உருவத்தைப் பின்னணியிலிருந்து எடுத்துக்காட்டவே தனி அமைப்பு உண்டு. அதை ஆன் செய்யுங்கள். மற்ற கேம்களில் மோஷன் பிளர் (அசைவு மங்கல்), ஃபிலிம் கிரெயின் (பழைய படச்சுருள் போன்ற பொடிப்புள்ளி), குரோமாட்டிக் அபெரேஷன் (ஓரங்களில் நிறச்சிதறல்) மூன்றையும் முதலில் அணையுங்கள். காமாவை (இருண்ட பகுதிகளின் வெளிச்ச அளவை மாற்றும் செட்டிங்) பிறகு தொடலாம். கடலைப் பார்த்த ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் எந்த செட்டிங்கும் உதவாது. திரையைப் பக்கவாட்டில் திருப்பி வையுங்கள்.