குழுவில் போட்டால் புகார் ஆகிவிடாது

குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுக்களில் திரும்பத் திரும்ப நடப்பது இது. பூட்டிக் கிடக்கும் வீட்டின் பின்பக்கம் யாரோ நடமாடுவதாக ஒருவர் எழுதுகிறார். உடனே கேள்விகள், எச்சரிக்கைகள், பழைய திருட்டுக் கதைகள். அரை மணி நேரம் கழித்து "போலீசுக்குச் சொல்லியாச்சா?" என்று ஒருவர் கேட்கும்போதுதான் யாருமே சொல்லவில்லை என்று தெரிகிறது.

இதை அலட்சியம் என்று திட்டிப் பயனில்லை. கூட்டத்தின் இயல்பே அப்படி. 1968இல் உளவியலாளர்கள் பிப் லட்டானே, ஜான் டார்லி இருவரும் வெளியிட்ட ஆய்வில், படிவம் நிரப்பிக்கொண்டிருந்தவர்களின் அறைக்குள் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்ச் சொன்னார்கள். மூன்று பேர் சேர்ந்திருந்தபோது, 38 சதவீதக் குழுக்களில்தான் ஒருவராவது சொன்னார். மூன்று பேருக்கே இந்த நிலை என்றால், இருநூறு பேர் உள்ள குழுவில் என்ன ஆகும்?

அதனால் பார்த்தவரே போன் செய்ய வேண்டும். அதன் பிறகு குழுவில் "10.40க்குக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிட்டேன்" என்று ஒரு வரி போதும். வேறு கோணத்திலிருந்து வேறு எதையாவது பார்த்தவர்கள் தாங்களும் கூப்பிடலாம்.

போனில் முதலில் இடத்தைச் சொல்லுங்கள். இணைப்பு பாதியில் அறுந்தாலும் வண்டி கிளம்பிவிடும். எடுப்பவர் பல நேரம் தொலைவில் ஒரு கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர். நம் தெருவை நாம் செல்லமாகக் கூப்பிடும் பெயர் அவருக்குத் தெரியாது. முழு முகவரி, பக்கத்தில் தெளிவாகத் தெரியும் ஒரு அடையாளம், எந்தப் பக்கமிருந்து வந்தால் எளிது என்பது வேண்டும். அடுத்து, இப்போது நடந்துகொண்டிருக்கிறதா, முடிந்துவிட்டதா. ஆயுதம் உண்டா, யாருக்காவது காயமா. பிறகு ஆள், வண்டி, போன திசை. அவர்கள் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள்.

"சந்தேகப்படும்படி ஒருத்தர் சுத்துறார்" என்பதில் போலீசுக்கு ஒன்றுமே இல்லை. "ஒவ்வொரு காராகக் கதவை இழுத்துப் பார்க்கிறார்" என்றால் அது தகவல். செயலைச் சொல்லுங்கள். உடை, நிறம், பேசும் மொழி, ஏழ்மை இவை எதுவும் சந்தேகத்துக்குக் காரணமே அல்ல. நமக்குத் தெரிந்தவர் இதையே செய்திருந்தால் போன் செய்வோமா என்று ஒரு கணம் யோசித்தால் பாதிக் குழப்பம் தீரும்.

அடையாளம் சொல்லும்போது சட்டையை மட்டும் நம்பாதீர்கள், ஒரு நிமிடத்தில் கழற்றிவிடலாம். காலணி, நடை, பை ஆகியவை அவ்வளவு சீக்கிரம் மாறாது. உயரத்தை அவர் நின்ற கதவோடோ மதிலோடோ ஒப்பிட்டுச் சொல்லுங்கள். வண்டி எண்ணில் கடைசி இரண்டு இலக்கம்தான் தெரிந்ததென்றால் அதை மட்டும் சொல்லுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். மற்றவர்களிடம் பேசுவதற்கு முன்பே எழுதிவைத்துவிடுங்கள். பேசப்பேச, அவர்கள் பார்த்தது நாம் பார்த்ததாக நினைவில் ஒட்டிக்கொள்ளும்.

பின்தொடரக் கூடாது, மறிக்கக் கூடாது. 2012இல் அமெரிக்காவின் சான்ஃபோர்டில் ஒரு குடியிருப்புக் கண்காணிப்புத் தன்னார்வலர் 17 வயது டிரேவான் மார்ட்டினைச் சந்தேகித்துப் பின்தொடர்ந்தார். அவர் போலீசுக்குச் செய்த போனில் பேசியவர் அது தேவையில்லை என்று சொல்லியிருந்தார். முடிவில் ஆயுதமில்லாத அந்தச் சிறுவன் சுட்டுக் கொல்லப்பட்டான். 2018இல் இந்தியாவில் பிள்ளை பிடிப்பவர்கள் என்று பரவிய வாட்ஸ்அப் வதந்தியால் அப்பாவிகள் பலர் அடித்தே கொல்லப்பட்டார்கள். அடையாளம் தெரியாத ஒருவரின் படத்தைக் குழுவில் போடும் முன் இந்த இரண்டையும் நினைத்துக்கொள்ளுங்கள். படம் போக வேண்டிய இடம் காவல் நிலையம் மட்டுமே.

சிசிடிவி விஷயத்தில் தவறுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். பதிவுக் கருவியில் இடம் நிறைந்ததும் பழையதன் மேல் புதியது பதிவாகிவிடும். எனவே அன்றைக்கே தனியாக நகல் எடுங்கள். திரையைச் செல்போனில் படம்பிடித்து அனுப்பினால் எண்பலகை மங்கிப்போகும், மூலக் கோப்பைத்தான் கொடுக்க வேண்டும். அடுத்தது கடிகாரம். கருவியின் நேரமும் உண்மையான நேரமும் எத்தனை நிமிடம் வேறுபடுகின்றன என்று குறித்துக் கொடுக்காவிட்டால், மற்ற கேமராக்களோடு ஒப்பிடும்போது வரிசையே பிசகிவிடும்.

திருட்டு நடந்து முடிந்த பிறகுதான் கண்காணிப்பு அதிகம் தேவைப்படுகிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை. ஒருமுறை திருடுபோன வீட்டுக்கு அடுத்த சில வாரங்களில் மறுபடி ஆபத்து கூடுதல். உள்ளே போகும் வழி திருடனுக்குத் தெரிந்துவிட்டது. 1980களில் இங்கிலாந்தில் ராச்டேல் நகரின் கிர்க்ஹோல்ட் குடியிருப்பில் இதையே அடிப்படையாக வைத்தார்கள். திருடுபோன வீட்டைச் சுற்றியுள்ள ஆறேழு வீட்டாரை மட்டும் கண்காணிக்கச் சொன்னார்கள், பூட்டுகளைப் பலப்படுத்தினார்கள், காசு போட்டு மின்சாரமோ எரிவாயுவோ பெறும், உள்ளே பணம் தங்கும் மீட்டர்களை வீடுகளிலிருந்து அகற்றினார்கள். மூன்றே ஆண்டுகளில் திருட்டு கால்பங்காகக் குறைந்தது.

ஊர் முழுக்க ரோந்து போக ஆள் திரட்டுவதைவிட இது எளிது. திருடுபோன வீட்டாரின் சம்மதத்தோடு, அந்த வீட்டின் முன்வாசலும் பின்வாசலும் யார் யார் ஜன்னலிலிருந்து தெரிகிறது என்று பாருங்கள். அவர்களிடம் வீட்டுக்காரரின் எண்ணையும் காவல் நிலைய எண்ணையும் கொடுங்கள். இந்த நாட்களில் யார் வருவார்கள், எந்த வண்டி நிற்கும் என்பதையும் சொல்லிவையுங்கள்.