தன்னை மன்னித்தால் சோம்பல் கூடுமா?

‘படிப்பைத் தள்ளிப்போடுகிற மாணவர்கள் தங்களிடம் கறாராக இருக்க வேண்டும், தன்னையே மன்னித்துக்கொண்டால் சோம்பல்தான் வளரும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஆய்வுகள் சொல்வது அப்படி இல்லை.

கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 119 முதலாண்டு மாணவர்களைக் கவனித்த ஆய்வு 2010-இல் வெளியானது. முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டவர்களில், அதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். திட்டிக்கொண்டே இருந்தால் குற்ற உணர்வு அந்தப் பாடத்தோடு ஒட்டிக்கொள்கிறது. புத்தகத்தைத் திறந்தாலே மனசு கனக்கிறது, அப்புறம் கை தானாக மொபைலைத் தேடுகிறது.

‘தள்ளிப்போடுகிறவர்கள் எல்லாரும் பெர்ஃபெக்‌ஷனிஸ்ட்கள், அதாவது எதிலும் குறையே இருக்கக்கூடாது என்று நினைப்பவர்கள்’ என்று பொதுவாகச் சொல்வதும் பாதிதான் சரி. உயர்ந்த தரத்துக்கு முயல்வது ஒன்று; தப்பு செய்துவிடுவோமோ, மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயப்படுவது வேறு. தள்ளிப்போடுதலோடு சேர்ந்து வருவது இரண்டாவதுதான். முதல் வகையினர் பொதுவாகக் குறைவாகவே தள்ளிப்போடுகிறார்கள். ஆய்வுக் கட்டுரையின் முதல் வரியை எழுதி, அழித்து, மறுபடி எழுதி, ராத்திரி இரண்டு மணிக்கும் வெற்றுப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற மாணவியைச் சோம்பேறி என்று எப்படிச் சொல்வது? அவள் பயந்து போயிருக்கிறாள்.

இப்படித் தன்னை மன்னித்து, தன்னிடமே பரிவோடு இருப்பதைத் தற்பரிவு என்கிறார்கள். அது ‘பரவாயில்லை, விடு’ என்று கைகழுவுவது இல்லை. ‘நேற்று படிக்கவில்லை, சரி, இப்போது அரைப் பக்கம் எழுதுகிறேன்’ என்று உட்காருவது. தப்பை ஒப்புக்கொள்வதும் அதில் அடக்கம். ஏற்கெனவே தன்னை வெறுத்துக்கொண்டிருக்கிற ஒரு மாணவர் உங்கள் வரியைப் படித்தால் இன்னும் ஒடுங்கிப்போவார். தயவுசெய்து அதைத் திருத்திவிடுங்கள்.