நந்தம்பாக்கத்தில் பெயர் இல்லை என்றால் ஓடிப்போனவர் ஆகிவிடமாட்டார்

‘இரண்டாம் உலகப்போரில் செத்த நம்ம கிருஷ்ணகிரி ஆட்கள் எல்லாரும் சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில்தான் இருக்கிறார்கள், அங்கே பெயர் இல்லையென்றால் படையை விட்டு ஓடியவர்’ என்று நீங்கள் எழுதியிருப்பது தவறு, தம்பி. ஒரு குடும்பத்தின் மேல் வீண்பழி போடுகிற பேச்சு அது.

அங்கே இருப்பவை 856 கல்லறைகள், பல ஊர் இடுகாடுகளிலிருந்து எடுத்துவந்து சேர்த்தவை. பின்பக்கம் உள்ள நினைவுச்சின்னத்தில் முதல் உலகப்போர்ப் பெயர்கள் மட்டுமே. அவர்கள் உடல் அங்கே இல்லை.

பர்மாவில் இறந்து கல்லறை தெரியாமல் போனவர்களின் பெயர், ஏறக்குறைய 27,000, ரங்கூன் நினைவுச்சின்னத்தில் இருக்கிறது. எரியூட்டப்பட்டவர்களுக்கு அதே வளாகத்தில் தனிச் சின்னம் உண்டு. நம் பக்கத்து இந்துச் சிப்பாய்களை முதலில் இந்த இரண்டிலும் தேடுங்கள்.

பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். ‘கிருஷ்ணகிரி மாவட்டம்’ என்று தேடினால் வராது. தர்மபுரி 1965இல்தான் தனி மாவட்டம், கிருஷ்ணகிரி 2004இல்; போர் நடந்த காலத்தில் எல்லாமே சேலம் ஜில்லா. முனுசாமி, முனிசாமி என எழுத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள். வீட்டில் பழைய பதக்கம் இருந்தால் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். படை எண் பொறித்திருந்தால் பெயரைவிட அதுவே உறுதியான பிடி.