அப்பாவுக்கு என்ன சோலி?

மூன்று நாளாக அந்த வீடியோவையே அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன், போதும். கடப்புறத்துப் பிள்ளைகளுக்கு, அதாவது எங்கள் கடலோர மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு, கணக்கில் நாட்டம் இல்லையாம், அதனால்தான் ஆடிட்டர் ஆகிற சி.ஏ. படிப்புப் பக்கம் வருவதில்லையாம். நாகர்கோவிலில் மேடை போட்டு ஒரு ஆடிட்டர் சொல்கிறார், கீழே கைதட்டல் வேறு.

என் அம்மா இருபத்தைந்து வருஷம் மீன் சருவத்தைத் தலையில் சுமந்தவள். ஏலத்தில் எடுத்த காசு, அதற்கு வட்டி, எந்த வீட்டில் எவ்வளவு சாளைக் கடன், எல்லாம் மண்டைக்குள்தான். சனிக்கிழமை ராத்திரி கால் நீட்டி உட்கார்ந்து விரல் மடக்குவாள். நான் நோட்டில் கூட்டி முடிப்பதற்குள் தொகையைச் சொல்லிவிடுவாள். நாட்டம் இல்லையாம்!

பரீட்சையில் யாரும் சாதி கேட்பதில்லை, ஒத்துக்கொள்கிறேன். பேப்பருக்கு 40, மொத்தத்தில் 50 சதவீதம் எடுத்தால் பாஸ். ஆனால் பரீட்சை மட்டும் எழுதி யாரும் ஆடிட்டர் ஆகிவிட முடியாது. ஆர்ட்டிகிள்ஷிப் வேண்டும், அதாவது ஒரு ஆடிட்டரிடம் இருந்து வேலை பழக வேண்டும். என் காலத்தில் மூன்று வருஷம், 2023-க்குப் பிறகு இரண்டு. அந்த இடத்தைத் தருவது பரீட்சை இல்லை, அறைக்குள் உட்கார்ந்திருக்கிற ஒரு மனுஷர்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஏழு ஆபீஸ் ஏறி இறங்கினேன். மார்க் ஷீட்டைப் புரட்டியது இரண்டு பேர். மற்றவர்கள் கேட்டது, "எந்த ஊரு? அப்பாக்கு என்ன சோலி?" வள்ளத்தில் போகிறார் என்றதும் ஒரு சிரிப்பு. "பாத்துட்டு கூப்பிடுதோம் மக்ளே." இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அதில் ஒரு மேசையில் விசைப்படகு முதலாளி ஒருவரின் ஃபைல்கள் கட்டுக்கட்டாக இருந்தன. போட் ஓனர் கணக்கு வேண்டும், போட்டில் போகிறவன் மகள் வேண்டாம். கடைசியில் திருவனந்தபுரத்தில்தான் இடம் கிடைத்தது, தினமும் ரயில்.

அமெரிக்காவின் முதல் கறுப்பின சி.பி.ஏ., அதாவது அந்த ஊர் ஆடிட்டர், ஜான் குரோம்வெல்லுக்கும் இதே கதைதான். படிப்பு இருந்தது, கீழே வைத்து வேலை பழக்க யாரும் தயாராக இல்லை. அனுபவம் கேட்காத நியூ ஹாம்ஷயர் மாநிலத்துக்குப் போய் 1921-ல் சி.பி.ஏ. பட்டத்தை வாங்கினார். நூறு வருஷம் கழித்தும் நாம் அதே வாசலில்.

"எங்க ஆபீஸில் ஒரு கிறிஸ்தவப் பையன் இருக்கானே" என்று ஒருவர் கமென்ட். வாழ்த்துகள். 2011 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 46 பேருக்கு மேல் கிறிஸ்தவர்களாக இருந்த கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு பையன்! தவிர, நான் மதத்தைச் சொல்லவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எனக்கு முன் வரிசையில் முட்டி போடுகிறவரும்தான் அப்பா சோலியைக் கேட்டார்.

சின்ன ஆபீஸ், தெரிந்தவர் சொன்ன பிள்ளையைத்தானே நம்பி வைக்க முடியும் என்பது நியாயம்தான். நானும் சின்ன ஆபீஸ்தான் நடத்துகிறேன். ஆடிட்டர் யாரையுமே தெரியாத தெருவில் பிறந்த பிள்ளை எங்கே போகும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

கணக்கு வராதாம். 2017-ல் ஓகி புயல் அடித்தபோது எந்த வள்ளத்தில் யார் போனார், யார் கரை திரும்பவில்லை என்று ஊர் ஊராகப் பேர் எழுதியது யார்? அரசாங்கம் சொன்ன எண்ணிக்கை மாறிக்கொண்டே இருந்தது. எங்கள் நோட்டில் ஒவ்வொரு பேருக்கும் ஒரு வீடு இருந்தது. சரி, அதை இங்கே இழுக்க வேண்டாம். எழுத வந்தது வேறு.

சி.ஏ. நடுக்கட்டப் பரீட்சையான இன்டரில் இரண்டு குரூப்பும் முடித்த கடப்புறத்துப் பிள்ளைகள் இன்பாக்ஸில் வாருங்கள். என் ஆபீஸில் ஆர்ட்டிகிள்ஷிப்புக்கு இரண்டு இடம் இருக்கிறது. அப்பா சோலியைக் கேட்க மாட்டேன். இன்றைக்கு அயலை என்ன விலை என்று வேண்டுமானால் கேட்பேன்.