"கொஞ்சம் கூட" எண்டா எவ்வளவு, சேர்?

"இந்த மாசம் கொஞ்சம் கூடச் செய்யணும், சரியா?"

மூன்று வருடமாக ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி காலையில் எங்கள் மேலதிகாரி சேர் வாயால் இந்த ஒரு வசனத்தைக் கேட்டுவிட்டுத்தான் எங்கள் ஏஜென்சியின் ஆறு விற்பனை ரெப்மாரும் பைக்கை ஸ்டார்ட் பண்ணுகிறார்கள். அவர்களுக்கு மேலே சூப்பர்வைசர் என்ற பெயரில் நான். மட்டக்களப்பு டவுனில் ஸ்டோர். பிஸ்கட், சோப், நூடில்ஸ், பால்மா. கடை கடையாகப் போய் ஓடர் எடுக்க வேண்டும், பில் போட வேண்டும், கடனை அறவிட வேண்டும். இதில் விளங்காதது ஒன்றுமில்லை, அந்தக் "கொஞ்சம் கூட"வைத் தவிர.

எவ்வளவு கூட? பெட்டிக் கணக்கிலா, காசுக் கணக்கிலா? போன மாதத்தை விடவா, போன வருடம் இதே மாதத்தை விடவா? ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன். "இதெல்லாம் சொல்லித் தரணுமா தம்பி? உனக்கே ஒரு இது இருக்கணும்" என்றார். அந்த "இது" என்னவென்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

சரி, "இது"வோடேயே வேலை செய்தோம். மாதக் கடைசி நாள் பின்னேரம் பார்த்தால், சேரின் வாயிலிருந்து திடீரென்று ஒரு நம்பர் வரும். "நான் 18 இலட்சம் எதிர்பாத்தன், நீங்க 15தான் செஞ்சிருக்கீங்க." முதலாம் திகதி இந்த 18 எங்கே போயிருந்தது? அம்மன் சடங்கில் தெய்வம் ஏறினவரிடம் கட்டு, அதாவது அருள்வாக்குக் கேட்டா நாங்கள் அதைத் தெரிந்துகொள்வது? இன்சென்டிவ் வெட்டு மட்டும் அச்சொட்டாக, சதக் கணக்கில் வருகிறது. வெட்டுவதற்கு அளவு இருக்கிறது, செய்வதற்கு இல்லை.

ஒரு மாதம் நான் தொல்லை கொடுத்ததில் சேர் நம்பரை முதலிலேயே தந்தார். சந்தோசப்பட்டேன், அது என் பிழை. மொத்தம் 90 இலட்சம். கல்குலேட்டரை எடுத்து ஆறால் பிரித்தார். ஆளுக்கு 15. முடிந்தது மீட்டிங்.

காத்தான்குடி ரெப்புக்கும் 15, மண்டூர்ப் பக்கம் ஓடுகிற பொடியனுக்கும் 15! காத்தான்குடியில் மெயின் வீதியில் பைக்கை நிறுத்திவிட்டு நடந்தே பத்துப் பன்னிரண்டு கடை முடிக்கலாம். அங்கே ஒரு முஸ்லிம் கடைக்காரக் காக்கா நோன்புக்கு முன்னர் போடுகிற ஒரு ஓடர், மண்டூர் இருக்கிற வாவிக்கு மேற்குப் பக்கமான படுவான்கரையில் ஒரு கிழமை அலைச்சலுக்குச் சமம். மார்கழியில் ஒருநாள் அந்தப் பொடியனோடு நானும் போனேன். குருமண்வெளித் துறையில் நிற்கிறோம், வாவியைக் கடக்கிற மிதவை, நாங்கள் "பாதை" என்போம், அக்கரையில் நிற்கிறது. முக்கால் மணித்தியாலம் மழைக்குள் காத்திருப்பு. மழைக்கோட்டுக்குள்ளே ஓடர் கொப்பியை நெஞ்சோடு ஒட்டி வைத்திருக்கிறான், குழந்தையைப் பிடித்திருக்கிற மாதிரி. ஒருவழியாக அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தால், முதல் கடை அக்கா சொல்கிறார்: "வெள்ளாமை வெட்டட்டும் தம்பி, மறுகா பாப்பம்."

அந்த அக்கா சொன்னதில் இருந்த கணக்கு சேரின் கல்குலேட்டரில் இல்லை. பெரும்போக நெல் அறுவடைக்குப் பிறகுதான் அந்தப் பக்கம் கையில் காசு புரளும். அதற்கு முன்னர் விற்பது எல்லாம் கடனுக்குத்தான். மார்கழியில் 8, மாசி பங்குனியில் 20 என்று மாற்றிப் போட்டிருந்தால் பொடியனும் பிழைப்பான், ஏஜென்சியும் பிழைக்கும். விதைக்கிற மாதத்தில் அறுக்கச் சொன்னால் என்ன செய்வது?

என்ன செய்தான் தெரியுமா? 29 ஆம் திகதி தெரிந்த கடைகளில் சாமானைத் தள்ளினான். "வைங்க அண்ணே, காசு பிறகு தாங்க." 15 வந்துவிட்டது. வட்ஸ்அப் குரூப்பில் கைதட்டல், பூங்கொத்து. அடுத்த மாதம் நாலாம் திகதி அதில் பாதி ரிட்டேனாகத் திரும்பி வந்தது, பிஸ்கட் பெட்டிகள் நசுங்கி. கைதட்டினவர்கள் அன்றைக்கு ஒருவரும் குரூப்பில் இல்லை. விற்பனைத் தொகையை மட்டும் கேட்டால் இதுதான் கிடைக்கும். அதோடு ரிட்டேன் எவ்வளவு, 30 நாள் தாண்டிய கடன் எவ்வளவு என்றும் கேட்டிருக்க வேண்டும்.

இவ்வளவும் கம்பனிக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். கொழும்பிலிருந்து ஆளைப் பிடித்து, பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் எங்களுக்கு ஸ்மார்ட் கோல் வகுப்பே வைத்தார்கள். சாப்பிடத் தந்த ரோல்ஸ் நன்றாக இருந்தது. இலக்கு வைக்கும் முறைக்கான S-M-A-R-T என்ற அந்த ஐந்து எழுத்தை 1981 இல் ஜோர்ஜ் டோரன் என்ற அமெரிக்கர் எழுதியபோது, நடுவிலிருக்கும் ஏ எழுத்துக்கு "இது யார் பொறுப்பு" என்றுதான் பொருள் வைத்தார். பிறகு வந்தவர்கள் அதை "எட்டக்கூடியது" என்று மாற்றிவிட்டார்கள். எங்கள் சேருக்கு இரண்டும் தேவைப்படவில்லை. எட்டாவிட்டால் ரெப் பொறுப்பு, எட்டினால் சேர் பொறுப்பு.

1975 இல் லேதம், பால்டெஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு விசயமும் இருக்கிறது. அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் மரக்குற்றி ஏற்றுகிற லொறிக்காரர்களிடம் "முடிந்தளவு ஏற்றுங்கள்" என்று சொன்ன காலத்தில், சட்டம் அனுமதித்த பாரத்தில் 60 வீதம் அளவுக்குத்தான் ஏற்றினார்கள். "94 வீதம்" என்று நம்பரைச் சொன்னதும் சில மாதங்களில் 90 ஐத் தாண்டிவிட்டது. அதற்காக ஒரு சதம் கூடுதலாகக் கொடுக்கவில்லை. லொறியும் அதேதான், ஆட்களும் அவர்களேதான். எங்கள் சேரோ ஐம்பது வருடம் கழித்தும் "முடிஞ்சளவு பாருங்க தம்பி" என்றுதான் நிற்கிறார்.

நாளைக்கு முதலாம் திகதி. மகளின் பழைய கணக்குக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து நானே கோடு போட்டு வைத்திருக்கிறேன். மேலே எழுதியிருப்பது: றூட், இப்போது பில் போடும் கடை, மாதக் கடைசியில் எத்தனை கடை, தொகை, ரிட்டேன், பழைய கடன், யார் பொறுப்பு. கொக்கட்டிச்சோலை வரியில் 42 கடையை 50 ஆக்குவது என்று பென்சிலால் எழுதியும் விட்டேன். கீழே சேர் கையெழுத்துப் போட ஒரு இடம் விட்டிருக்கிறேன். அதற்கு மேலே இன்றைய திகதி. மாதக் கடைசித் திகதி அல்ல, சேர்.