கலவை என்றொரு சோம்பேறிச் சொல்

மெக்சிகோவின் அக்கார்டியன் கலைஞர் செல்சோ பீன்யாவைப் பற்றி யார் எழுதினாலும் 2001-இல்தான் தொடங்குகிறார்கள். அந்த ஆண்டு வந்த 'பார்ரியோ பிராவோ' இசைத்தொகுப்பில் அவர் வாசித்த கும்பியா என்ற கொலம்பிய ஆட்ட இசையோடு ஹிப்ஹாப்பும் ராக்கும் ரெகேயும் சேர்ந்தன. உடனே 'கலவை இசைக் கலைஞர்' என்று பட்டம் கட்டிவிட்டார்கள். இதில் எனக்கு நெடுநாள் மனத்தாங்கல் உண்டு. அப்போது அவருக்கு வயது 48. அதுவரை என்ன செய்துகொண்டிருந்தாராம்?

வடக்கு மெக்சிகோவின் மான்டெரே, உருக்காலைகளும் பீர் ஆலைகளும் வளர்த்த நகரம். அங்கே அக்கார்டியன் என்றாலே நோர்தேன்யோ இசைதான்: போல்கா தாளம், அகன்ற தொப்பி, பக்கத்தில் பன்னிரண்டு தந்தி பாஹோ செக்ஸ்தோ கிட்டார். குன்றுச் சரிவுகளில் ஏறிக்கொண்டே போன ஏழைக் குடியிருப்புகளில் மட்டும் வேறு சத்தம். ஒலிபெருக்கிப் பெட்டிகளோடு தெருக் கொண்டாட்டங்களுக்குப் போகும் சோனிதேரோக்கள், கொலம்பிய இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்து ஓடவிட்டார்கள். ஒருநாள் இசைத்தட்டுக் கருவி சூடேறி மெதுவாகச் சுழல, பாட்டு இழுத்து இழுத்து வந்ததாம். கூட்டம் அதையே விரும்பிக் கேட்க, 'ரெபஹாதா' என்ற மந்தகதி கும்பியா பிறந்தது என்பார்கள். பழுதைக்கூட வீணாக்காத ஊர்.

1953-இல் பிறந்த செல்சோ அந்த உலகத்துப் பிள்ளை. குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்தவர். அப்பா வாங்கித் தந்த அக்கார்டியனை, கொலம்பிய இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டுத் தானாகவே பழகினார். தம்பிகளோடு சேர்ந்து அமைத்த குழுவுக்கு 'ரோண்டா பொகோட்டா' என்று பெயர். இந்தப் பெயரை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், பிரியமும் வரும். கும்பியா கொலம்பியாவின் கரீபியக் கடற்கரைப் பிள்ளை. பொகோட்டாவோ தொலைவில், குளிர்ந்த மலைமேல் கிடக்கிற தலைநகரம். இசைத்தட்டு வழியாக மட்டுமே ஒரு நாட்டைக் காதலித்தவன் வைக்கிற பெயர் அது. போல்கா வாசிக்கும் ஊரில் அதே கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு கொலம்பியத் தாளத்தில் பிடிவாதமாக நின்றதற்குத்தான் அவருக்கு 'அக்கார்டியன் கலகக்காரர்' என்று பெயர். கலப்பு அங்கேயே நடந்து முடிந்துவிட்டது.

'பார்ரியோ பிராவோ'வில் வரும் 'கும்பியா சோப்ரே எல் ரியோ' பாடலை ஹெட்போன் மாட்டிக் கேட்டுப் பாருங்கள். கிங் சாங்கோ குழுவின் பிளாங்கிட்டோ மேன் ரெகே பாணியில் குரலை வீசுகிறார். கன்ட்ரோல் மச்செத்தே குழுக்காரர்களின் ராப் வருகிறது. பேஸ் நெஞ்சில் இடிக்கிறது. இத்தனைக்கும் நடுவே குவாச்சரக்கா என்ற தாளக்கருவியின் சுரண்டும் ஒலி தன் போக்கில் போகிறது. அந்தச் சிறிய அக்கார்டியன் சொற்றொடர் திரும்பத் திரும்ப வருகிறது, யாருக்காகவும் வளைந்துகொடுக்காமல். மற்றவர்கள்தான் செல்சோவின் திண்ணைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கஃபே தக்குபாவின் ரூபென் அல்பார்ரான் அவரோடு பாடிய 'அவுன்கே நோ சேயா கொன்மிகோ'விலும் இதே கதைதான். ராக் பாடகர் கும்பியாவுக்குள் வந்து உருகுகிறார்.

பின்னாள் தொகுப்புகள் சிலவற்றில் விருந்தாளிக் கூட்டம் அதிகம், அக்கார்டியனுக்கு மூச்சுவிட இடமில்லை என்பது என் கருத்து. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். ஆனால் கொலம்பியாவின் எழுத்தாளர் கார்சியா மார்க்கேஸே மான்டெரேயில் இவர் வாசிப்புக்கு எழுந்து ஆடினார் என்பதை, 'அசல் கும்பியா இல்லை' என்று மூக்கைச் சுளிப்பவர்கள் கொஞ்சம் யோசிக்கட்டும்.

2019 ஆகஸ்ட் 21-இல் மாரடைப்பில் போய்விட்டார், 66 வயதில், அதே மான்டெரேயில். புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: 'பார்ரியோ பிராவோ'வை இரண்டாவதாகக் கேளுங்கள். முதலில் ரோண்டா பொகோட்டாவின் பழைய பதிவு ஒன்று, விருந்தாளி யாரும் இல்லாமல்.