பிஸ்கட்டாவது சாப்பிடட்டுமே!

"சோறே இறங்க மாட்டேங்குது, பிஸ்கட்டாவது சாப்பிடட்டுமே." ஒன்றரை வயசுக் குழந்தை உள்ள வீடுகளில் தினமும் கேட்கிற வசனம் இது. இப்படிச் சொல்கிற அம்மாவைச் சோம்பேறி என்று திட்டிப் பதிவு போடுவது சுலபம். ஆனால் இது சோம்பல் இல்லை, பயம். பிள்ளை இளைத்துவிடுமோ என்கிற பயம். அந்தப் பயம்தான் பெரும்பாலும் தேவையில்லாதது.

3 கிலோவில் பிறந்த குழந்தை முதல் பிறந்தநாளுக்குள் 9 கிலோவைத் தொட்டுவிடும். அடுத்த ஒரு வருஷத்தில் கூடுவது 2, மிஞ்சினால் இரண்டரை கிலோதான். வளரும் வேகம் குறைகிறது, கூடவே பசியும் குறைகிறது. நேற்றுவரை கிண்ணத்தைக் காலி செய்த பிள்ளை நாலு வாயோடு முகத்தைத் திருப்பினால் அது நோய் இல்லை. அங்கன்வாடி அட்டையில் எடைக்கோடு மெதுவாகவாவது மேலே போகிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று மாதமாகக் கோடு படுத்தே கிடந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். பக்கத்து வீட்டுக் கொழுகொழு பிள்ளை அளவுகோல் கிடையாது.

பயத்தில் நாம் கொடுப்பதைக் கொஞ்சம் கணக்குப் போடுவோம். இந்த வயசுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1000 கலோரி போதும். காலையும் மாலையும் 150 மில்லி பால், தலா ஒரு ஸ்பூன் சர்க்கரையோடு. பதினோரு மணிக்கு நாலு குளுக்கோஸ் பிஸ்கட். சாயங்காலம் ஒரு சின்ன டப்பா மாம்பழ பானம். இதிலேயே 400 கலோரி போய்விட்டது. அப்புறம் சோற்றுக்கு வயிற்றில் இடம் ஏது? மதியம் சாப்பிடாததால் மறுபடி பிஸ்கட். சாப்பிடாததற்குக் காரணமும் அதுதான், நாம் பிடித்துவைத்திருக்கும் மருந்தும் அதுதான்.

சர்க்கரை தனிக்கணக்கு. பாலில் போட்டது 10 கிராம், பிஸ்கட்டில் 5, பானத்தில் 20 அளவுக்கு. மொத்தம் 35 கிராம். மொத்த கலோரியில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5 சதவீதத்துக்குள் நிறுத்தச் சொல்லி 2015-லேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. இந்தக் குழந்தைக்கு அது 25 கிராம், முடிந்தால் 12. இரண்டு வயசுக்குள் இனிப்புப் பானமே வேண்டாம் என்று 2023-ல் சொன்னதும் அதே நிறுவனம்தான். "நாங்க வெள்ளைச் சர்க்கரை போடறதில்ல, கருப்பட்டிதான்" என்று பெருமைப்படுகிறவர்களுக்கு: அதுவும் இதே கணக்கில்தான் வரும். தேனும் அப்படியே. ஒரு வயசுக்குள் தேனைத் தொட்டு நாக்கில் வைப்பதோ ஆபத்தே.

டம்ளர் பாலில் கலக்கும் மால்ட் பவுடர்? 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே அவற்றை 'ஹெல்த் டிரிங்க்' பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லி இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. டப்பாவின் முன்பக்கத்தை விடுங்கள், பின்பக்கம் 'ஆடட் சுகர்ஸ்' (தனியாகச் சேர்த்த சர்க்கரை) வரியைப் படியுங்கள்.

வீட்டுச் சாப்பாட்டிலும் ஒரு கோளாறு இருக்கிறது. பருப்பை விட்டுவிட்டுப் பருப்புத் தண்ணியை ஊற்றுகிறோம், ரசத்தில் சோற்றை நீந்த விடுகிறோம். வயிறு நிறையும், சத்து இருக்காது, ஒரு மணி நேரத்தில் அழுகை. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத பதத்தில் பருப்போடு பிசைந்து, மேலே ஒரு ஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ விடுங்கள். அந்த ஒரு ஸ்பூனில் 45 கலோரி. கேழ்வரகை ஒரு ராத்திரி ஊறவைத்து, துணியில் ஒரு நாள் முளைகட்டி, காயவைத்து, இளஞ்சூட்டில் வறுத்து அரைத்தால் கஞ்சி அவ்வளவாகக் கெட்டிப்படாது. முளையில் உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுவதால் அதே கிண்ணத்தில் கூடுதல் மாவு கொள்ளும். கருக வறுத்தால் அந்த நொதி போய்விடும், முளைகட்டிய பாடு வீண்.

பழக்கத்தை மாற்றுவது எப்படி? மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சாப்பாடு, நடுவில் தண்ணீர் மட்டும். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிட வேண்டும், கெஞ்சலும் போனும் இல்லாமல். வேண்டாம் என்றால் மாற்றாக எதுவும் வராது, அடுத்த வேளைதான். பால் ஒரு நாளைக்கு அரை லிட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பசியும் போகும், ரத்தசோகையும் வரலாம். புதுக் காய் என்றால் ஒரு ஸ்பூன் வீதம் பத்து தடவையாவது தட்டில் வர வேண்டும். இரண்டாவது தடவையே "இதுக்குப் பிடிக்கல" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். முதல் மூணு நாலு நாள் ரகளை இருக்கும். பெரும்பாலான வீடுகள் இரண்டாம் நாள் சாயங்காலமே சரணடைந்துவிடும், பெரும்பாலும் பாட்டி வழியாக.

தாத்தா விஷயம் இன்னும் சிக்கல். வெறுங்கையோடு வீடு திரும்புவது நம்ம ஊரில் கிட்டத்தட்ட குற்றம். அந்தப் பாசத்தைத் தடுக்கப் போனால் வீட்டில் சண்டைதான். பண்டத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்: வாழைப்பழம், கொட்டை எடுத்த சப்போட்டா, பழுத்த கொய்யாவின் சதை. வேர்க்கடலை வாங்கி வந்தால் முழுசாகக் கொடுக்காதீர்கள், 5 வயசுக்குள் மூச்சுக்குழாயில் சிக்கும். வறுத்து, தோல் நீக்கி, நைசாகப் பொடித்து வாழைப்பழத்தோடு பிசைந்து கொடுக்கலாம்.